'அறுத்தான்' என்பது 'அணைத்தான்' ஆன விதம்

அச்சுக்கோர்ப்புப் பகுதி,
கீழ்த்தட்டு.
13.10.1993, புதன்கிழமை.

பெருமதிப்புக்கும் சற்றுப் பயத்துக்கும் உரிய ஆசிரியர் சோமசேகரம் ஐயா அவர்கட்கு,

கீழே எழுத்து அடுக்கும் சீவரத்தினம் மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் நலம் என்பதை மேல்தட்டில் தாங்கள் இருமுவதிலிருந்தும் கதிரையை இழுப்பதிலிருந்தும் அறிந்துகொள்கிறேன். தங்கள் முழங்கால் வலியும் குணமாகியிருக்கும் என நம்புகிறேன். ஏனென்றால் சென்ற வெள்ளிக்கிழமை என்னைத் தேடி இரண்டு இரண்டு படியாக இறங்கி வந்தீர்கள்.

இம்மாதம் முதலாந் திகதி வெளிவந்த நம் பத்திரிகையின் ஆறாம் பக்கத்தில், 'மகரவேள்' தொடர்கதையின் முப்பத்தேழாம் அத்தியாயத்தில், கையெழுத்துப் பிரதியில் 'அறுத்தான்' என்று இருந்த சொல் 'அணைத்தான்' என்று அச்சானது எப்படி என்பதற்கு வியாழக்கிழமைக்கு முன் எழுத்தில் விளக்கம் தரும்படி கேட்டிருந்தீர்கள். வாயால் சொல்லத் தொடங்கினால் நான் அழுதுவிடுவேன் என்பதால்தான் எழுத்தில் கேட்டீர்கள் என்று அச்சுப்படியில் பிழை பார்க்கும் கதிரவேலு சொல்கிறார். ஒரு பக்கத்துக்குள் முடிக்கவும் சொன்னீர்கள். பத்திரிகையையே பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சடிக்கும் இந்தக் காலத்தில் அது நியாயந்தான். ஆனால் முடியவில்லை ஐயா. ஆகவே அச்சில் பிழை விழுந்து மூலையில் கிடந்த கலியாண அழைப்புக் காட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மறுபக்கத்தில் இருக்கும் மணமக்களைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். அவர்களுக்கு வேறு காட் அடித்துக் கொடுத்தாகிவிட்டது.

முதலில் என்னைப் பற்றி. முப்பத்தொரு வருடமாக எழுத்து அடுக்குகிறேன். ஈய எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறி இருக்கும் என்பது தாங்கள் அறிந்ததே. இத்தனை வருடத்தில் என் கண்ணும் அப்படியே பழகிவிட்டது. நேராக எழுதிய தமிழைக் கண்டால் எனக்கு எங்கேயோ பிழை இருப்பதாகத் தோன்றும். அதனால் அடுக்குவதை நான் வாசிப்பதில்லை. எழுத்துத்தான் தெரியும், சொல் தெரியாது. என் சொந்தச் சின்னம்மாவின் மரண அறிவித்தலை அடுக்கி, பிழை பார்த்து, அச்சுக்கும் கொடுத்துவிட்டு, பின்னேரம் சைக்கிளில் புத்தூருக்குப் போய் இறங்கி, அங்கே அழுதுகொண்டிருந்த மனைவி அருமைநாயகியைப் பார்த்து "ஆர் செத்தது?" என்று கேட்டவன் நான். அவள் அந்த அறிவித்தலையே எடுத்துக் காட்டினாள். நல்ல அச்சு. ஒரு எழுத்தும் சரியவில்லை.

இப்படிப்பட்ட என்னைத்தான் மகரவேள் பிடித்துக்கொண்டான். பெப்ரவரி மாதம் நாலாம் அத்தியாயம் அடுக்கிக்கொண்டிருந்தேன். போரில் செத்துக் கிடந்த ஒரு கிழட்டுப் பாணனின் பக்கத்தில் அவன் குதிரையை விட்டு இறங்குகிறான். அந்தப் பாணனின் பத்தொன்பது நரம்பு யாழை எடுக்க வேண்டும். பிணத்திடமிருந்து எடுத்தால் களவாகிவிடும் என்று நினைத்துத் தன் குதிரையின் கடிவாளத்தைப் பிணத்தின் கையில் கட்டிவிட்டு, யாழோடு நடந்து போகிறான். அந்த இடத்தில் என் கை நின்றது ஐயா. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. மேலே என்ன வருகிறது என்று பார்க்கப் பிரதியை இரண்டு பக்கம் புரட்டினேன்.

அன்றிலிருந்து நான் கெட்டுப்போனேன். வேங்கைவாணன் என்ற புனைபெயரில் தபாலில் வரும் அந்தக் கடித உறைக்காகச் செவ்வாய்க்கிழமைகளில் வெள்ளெனவே வந்துவிடுவேன். நான் மட்டும் அல்ல. தாங்களும் செவ்வாய்க்கிழமைகளில் மை போதுமா என்று பார்ப்பதற்காகக் கீழே வந்து, மைத் தகரம் இருக்கும் பக்கம் போகாமல் என் மேசையடியில் அரைமணித்தியாலம் நின்றதை இங்கே குறையாகச் சொல்லவில்லை. விளக்கத்துக்காகச் சொல்கிறேன்.

மகரவேளைப் பற்றி நானும் கதிரவேலுவும் கதைத்தது ஏராளம். அவன் நல்லவனா? எனக்கு இன்னும் தெரியாது. ஒன்பதாம் அத்தியாயத்தில் முற்றுகைக்குள் பட்டினி கிடந்த பிள்ளைகளுக்கு மூன்று நாள் விடாமல் வாசித்து உறங்க வைக்கிறான். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அதே தாலாட்டைக் கோட்டை வாசலில் வாசித்து, பதினொரு காவற்காரரை உறங்க வைத்து, உறங்கியவர்களை ஒவ்வொருவராகக் குத்துகிறான். ஒவ்வொரு கொலைக்கும் யாழில் ஒரு நரம்பு அறும். அறுந்தது அறுந்ததுதான், மாற்று நரம்பு ஏறாது. அந்த நரம்பில் இருந்த பண்ணும் அவனுக்கு மறந்துவிடும். பிறகு இருபதாம் அத்தியாயத்தில், அந்தப் பதினொரு பேரில் ஒருவனின் தாய் தனியே கிணற்றில் தண்ணீர் இறைக்க ஏலாமல் நிற்கும்போது, பிச்சைக்காரன் வேசத்தில் போய் ஒரு மாதம் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறான். அவள் தன் கையால் சோறு குழைத்துக் கொடுக்கிறாள். அவன் வாங்கித் தின்கிறான். தான் யார் என்று சொல்லவில்லை.

எனக்கு அந்த இடத்தில் கண் மறைத்துவிட்டது. கதிரவேலுவோ கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார்.

"உவன் கள்ளன்" என்றார். "கொலை செய்ததைவிட உதுதான் பெரிய பாவம். அந்த மனிசியின்ரை சோத்தை எப்பிடித் திண்டவன்?"

"தண்ணி அள்ளிக் குடுத்தவன்தானே?"

"அள்ளிக் குடுத்தால்? பெத்த மேனைத் திருப்பிக் குடுத்தவனோ?"

மூன்று நாள் நாங்கள் முகம் பார்க்கவில்லை. அந்தக் கிழமை பத்திரிகையில் பிழைகள் மலிந்திருந்ததாகத் தாங்கள் கோபித்தீர்கள். காரணம் அதுதான். நான் அடுக்கியதை அவர் பார்க்கவில்லை. அவர் திருத்தியதை நான் மதிக்கவில்லை.

இன்னொரு குற்றத்தையும் இந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புத்தூரில் மட்டும் பத்திரிகை விற்பனை ஏன் படுத்துவிட்டது என்று ஜூலை மாதம் கேட்டீர்கள். அது அருமைநாயகியால். நான் அடுக்குகிற அத்தியாயத்தைப் பின்னேரம் அவளுக்குச் சொல்லுவேன். அவள் மறுநாள் காலை சங்கக்கடை வரிசையில் சொல்லுவாள். மண்ணெண்ணெய் வரும்வரை நாலு மணித்தியாலம் நிற்கிற சனம், வேறு என்ன செய்யும்? வெள்ளிக்கிழமை பத்திரிகை வரும்போது புத்தூரில் எல்லோருக்கும் கதை தெரிந்திருக்கும். மேலும் அவள் தன் பங்குக்குச் சில சேர்த்தும் சொல்லியிருக்கிறாள். மகரவேளுக்கு ஒரு முறைப்பெண் இருப்பதாக இன்றைக்கும் அங்கே பலர் நம்புகிறார்கள்.

இனி முப்பத்தேழாம் அத்தியாயம். செப்டம்பர் இருபத்தெட்டாந் திகதி, செவ்வாய்க்கிழமை. மகரவேள் ஆற்றங்கரைக்கு வருகிறான். யாழில் ஐந்து நரம்புதான் மிச்சம். எதிரிப்படை பின்னால் வருகிறது. ஆற்றைக் கடத்திவிட அங்கே தோணன் என்ற படகோட்டி இருக்கிறான். சிறுவயதில் வெள்ளத்தில் அகப்பட்ட மகரவேளைத் தலைமயிரில் பிடித்து இழுத்துக் காப்பாற்றியவன். அவன் ஒன்றும் கேட்காமல் ஏற்றிக்கொண்டு போய் அக்கரையில் விடுகிறான். கஞ்சியும் கொடுக்கிறான். ஆனால் மகரவேள் எந்தப் பாதையால் போகிறான் என்பது தோணனுக்குத் தெரிந்துவிட்டது. எதிரி வந்து கேட்டால் சொல்லிவிடலாம். மகரவேள் யாழை எடுக்கிறான். தோணன் சிரித்துக்கொண்டே கேட்கிறான், கண் சொருகுகிறது, படகின் விளிம்பில் தலையைச் சாய்த்து உறங்குகிறான். பிறகு கடைசி இரண்டு வசனம். "மகரவேள் கண்ணீரோடு குனிந்து, தோணனின் கழுத்தை அறுத்தான். யாழில் ஒரு நரம்பு அறுந்தது."

நான் 'கழுத்தை' வரையும் அடுக்கினேன். 'அ' எடுத்து வைத்தேன். 'று' இருக்கும் பெட்டிக்குக் கை போனது. போன கை பக்கத்துப் பெட்டியில் 'ணை'யை எடுத்துவிட்டது. தவறிப் போய் எடுத்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இது எழுத்தில் தருகிற விளக்கம். தெரிந்துதான் எடுத்தேன். 'அணைத்தான்'. ஒரே ஒரு எழுத்து ஐயா. மற்ற எல்லாம் வேங்கைவாணன் எழுதியபடியே இருக்கிறது.

கதிரவேலு இதில் முற்றிலும் குற்றமற்றவர். அச்சுப்படியில் அந்த வரியைக் கண்டதும் அவர் பிரதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் நெடுநேரம் துடைத்தார். "எனக்கு இப்ப கண் வடிவாய்த் தெரியிறேல்லை, சீவரத்தினம்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். மகரவேளைக் கள்ளன் என்று சொன்ன அதே ஆள். ஆகையால் அவரை ஒன்றும் கேட்கவேண்டாம்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. சனிக்கிழமை நடந்தது தாங்கள் அறிவீர்கள், இருந்தாலும் விளக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். பேதுரு என்ற பெயருள்ள ஒரு மனிதர், கடனீரேரியில் இக்கரைச் சனத்தை அக்கரைக்கு ஏற்றி இறக்கும் படகுக்காரர், ஓலைப் பையில் ஒரு பெரிய பாரை மீனோடு அச்சகத்துக்கு வந்தார். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. வாசலில் நின்றபடி, "வேங்கைவாணன் ஐயா ஆர்?" என்று கேட்டார். அவர் இங்கே இல்லை என்றேன்.

"அப்ப இதை அவரிட்டைக் குடுங்கோ. எங்கடை துறையிலை ஆறேழு பேர் சேர்ந்து குடுத்து விட்டது."

"என்னத்துக்கு?"

"படகுக்காரனை உயிரோடை விட்டதுக்கு. அவன் சாகப்போறான் எண்டுதான் நாங்கள் எல்லாரும் வாசிச்சுக்கொண்டு வந்தனாங்கள். கதையெண்டாலும் எங்களிலை ஒருத்தன் தப்பினது எங்களுக்குப் பெரிய சந்தோசம், தம்பி."

போன மாதம் அவருடைய துறையிலிருந்து போன இரண்டு படகு நேவியிடம் அகப்பட்டுத் திரும்பவில்லை என்பதைப் போகும்போதுதான் சொன்னார். அதை ஒரு சேதியாகச் சொல்லவில்லை. சைக்கிளில் ஏறும்போது, மழை வருமோ என்று கேட்பதுபோல் சொன்னார். அந்த மீனைத் தாங்கள்தான் வேங்கைவாணனிடம் சேர்ப்பதாகச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போனீர்கள். அது எனக்குத் தெரியவேண்டிய விசயம் அல்ல. பிறகு நான் கேட்டபோது, தான் மீன் மச்சம் தொடுவதில்லை என்று வேங்கைவாணனே சொன்னார் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வேங்கைவாணன் வந்தார். நானும் கதிரவேலுவும் ஜனவரியிலிருந்து அவரை மனதில் வைத்திருந்த விதத்தில் அவருக்கு மீசை காதுவரை இருந்தது. வந்தவர் உடுவிலைச் சேர்ந்த வினிபிரட் ரீச்சர். அறுபத்திரண்டு வயது, ஒல்லி, வெள்ளைச் சேலை, சைக்கிள், சைக்கிளின் பின்னால் குடை. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பத்திரிகையின் ஆறாம் பக்கத்தை மடித்து, அந்தச் சொல்லுக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் பூச்சியமும் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"உதை ஆர் மாத்தினது?"

அவர் கேட்டு முடிக்குமுன் கதிரவேலுவின் விரல் என்னைக் காட்டியது. இதையும் அவர் குற்றமாகக் கொள்ளக்கூடாது. வகுப்பில் ரீச்சர் கேட்டால் யாருடைய விரலும் அப்படித்தான் எழும்பும்.

"உம்மடை பேரென்ன?"

"சீவரத்தினம், ரீச்சர்."

"ஏன் மாத்தினனீர்?"

இந்த இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். அதே பொய்யை வெள்ளிக்கிழமை தங்களிடமும் சொன்னேன். 'று' தட்டுப்பாடு, செத்தவரின் நினைவாக அடிக்கும் ஒரு கல்வெட்டுப் புத்தகம் தாள் இல்லாமல் அச்சேறாமல் அடுக்கியபடி நிற்கிறது, 'று' எல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டது என்றேன். ரீச்சர் பத்திரிகையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"அடுத்த வரியிலை 'அறுந்தது' எண்டு ஒரு 'று' கிடக்கே. உது எங்கையிருந்து வந்தது?"

தாங்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை ஐயா. கணக்கு ரீச்சர் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"இந்த நரம்பு வசனத்தை ஏன் மாத்தாமல் விட்டனீர்? கழுத்தைக் கட்டிப்பிடிச்சால் நரம்பு ஏன் அறவேணும்?"

"அதை மறந்துபோனன், ரீச்சர்."

அவர் சிரித்தமாதிரி இருந்தது. சரியாகத் தெரியவில்லை. உட்கார ஒரு வாங்குப் பலகையைக் காட்டினேன். இருந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப உண்மையைச் சொல்லும்" என்றார்.

சொன்னேன். ரீச்சர், நான் கொஞ்சக் காலமாக மரண அறிவித்தலும் கல்வெட்டும்தான் அதிகம் அடுக்குகிறன் என்றேன். முன்பு கலியாணக் காட் பாதி, செத்த வீடு பாதி. இப்போது அப்படியில்லை. பிறந்த வருடத்தையும் இறந்த வருடத்தையும் அடுக்கும்போது இரண்டுக்கும் நடுவில் இருபது வருடந்தான் வருகிறது. பத்தொன்பது எழுபது, பத்தொன்பது தொண்ணூறு. வாசிக்காமல் அடுக்கிற நானே வாசிக்கத் தொடங்கிவிட்டேன். வாசிக்கப் பழக்கினது உங்கள் கதைதான். பிறகு அந்தப் படகோட்டி வந்து தலையைச் சாய்த்துப் படுக்கிறான். நான்தான் அவனை அடுக்க வேண்டும், என் கையால். மகரவேளில் எனக்கு உயிர். அவன் அதைச் செய்யக்கூடாது என்று நினைத்ததும் உண்மை. ஆனால் அந்தப் படகோட்டி எழும்பி வீட்டுக்குப் போகவேண்டும் என்றுதான் கை போனது. அவ்வளவுதான், ரீச்சர்.

அச்சு யந்திரம் அன்றைக்கு நின்றிருந்தது. பிறகு அவர் சொன்னதைப் பத்திரிகைக்காகச் சொல்லவில்லை. தங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

"எனக்கொரு தம்பி இருந்தவன், சீவரத்தினம். வயலின் வாசிப்பான். பத்து வயதிலையே ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவன்தான் வாசிக்கிறது. எண்பத்துநாலிலை இயக்கத்துக்குப் போயிட்டான். பிறகு ஒருக்கா வந்தவன், ஒரு பின்னேரம். புட்டு அவிச்சுக் குடுத்தன். சாப்பிட்டான். வயலினை எடுத்து வாசிச்சான். அண்டைக்குக் காலமை அவன் ஆரை முடிச்சுப்போட்டு வந்தவன் எண்டு எனக்குத் தெரியும். அந்த ஆளின்ரை மகள் என்னட்டைப் படிச்ச பிள்ளை. நான் கேட்டுக்கொண்டு இருந்தனான்."

"எப்பிடி வாசிச்சவர், ரீச்சர்?"

"அதுதான். நல்லாய் வாசிச்சான். முந்தி ஒருநாளும் அப்பிடி வாசிக்கேல்லை. கை நடுங்கியிருந்தால் எனக்குச் சரி. நடுங்கேல்லை. அது எப்பிடி எண்டு விளங்காமல்தான் முப்பத்தேழு கிழமையாய் எழுதிக்கொண்டு இருக்கிறன். நீர் ஒரு எழுத்தை மாத்தி அவனை நல்ல பிள்ளையாக்கிப் போட்டீர்."

நான் மன்னிப்புக் கேட்டேன். தம்பி இப்போது எங்கே என்று கேட்கவில்லை. 'இருந்தவன்' என்று சொல்லும்போதே கதிரவேலு தலையைக் குனிந்துகொண்டார். ரீச்சர் எழும்பி, குடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, இந்தப் படகோட்டி செத்தால்தான் தன்னுடைய அடுத்த பன்னிரண்டு அத்தியாயமும் சரிவரும், உயிரோடு இருந்தால் கணக்கு முழுதும் பிழை, ஆகவே கதையை இத்தோடு நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் எட்டாந் திகதிப் பத்திரிகையில் அந்த இடத்தில் தோடை மரம் வளர்ப்பது எப்படி என்ற கட்டுரை வந்தது. அதற்கும் வாசகர் கடிதம் வந்தது. தோடை எப்போது யாழ் வாசிக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அன்று பின்னேரம் வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. அருமைநாயகிதான் விடாமல் கேட்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டாள். வேங்கைவாணன் ஒரு ரீச்சர் என்றதும் அவள் ஆச்சரியப்படவில்லை. "தண்ணி அள்ளுற கஸ்டம் ஆம்பிளைக்கு எங்கை தெரியும்?" என்றாள். தம்பியின் கதையைச் சொன்னபோது, "புட்டு அவிச்சுக் குடுத்ததாமோ?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். மறுநாள் சங்கக்கடை வரிசையில் அவள் வாய் திறக்கவில்லையாம். அவளுக்குச் சுகமில்லையோ என்று மூன்று பேர் என்னிடம் விசாரித்தார்கள்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை, யாரும் எதிர்பாராதபடி, ரீச்சர் முப்பத்தெட்டாம் அத்தியாயத்தைத் தன் கையாலேயே கொண்டுவந்தார். தங்களிடம் தராமல் நேரே என் மேசையில் வைத்தார்.

"நீர் அவனை உயிரோடை விட்டனீர். பிறகு என்ன நடக்கும் எண்டு நான் இருந்து யோசிச்சன். இதை நீரே அடுக்கும். ஒரு எழுத்தும் மாத்தக்கூடாது."

"மாத்தமாட்டன், ரீச்சர்."

"சொல்லுறது விளங்குதோ?"

"விளங்குது, ரீச்சர்."

அடுக்கினேன். தோணன் உறக்கம் கலைந்து எழும்புகிறான். எதிரிப்படை வந்து கேட்கிறது. அவன் சொல்லவில்லை. அடிக்கிறார்கள், சொல்லவில்லை. அவனுடைய சிறு மகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சொல்லிவிடுகிறான். படை அந்தப் பாதையால் போகிறது. மகரவேள் அங்கே இல்லை. அந்த வழியில் அவனுக்கு ஒருநாள் இடம் கொடுத்த ஆம்பல்துறை ஊர்ச்சனம் பயத்தில் கோயில் மண்டபத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. அத்தியாயத்தின் கடைசி வரி, "மண்டபத்துக்குள் நாற்பது பேர் இறந்தனர்."

அடுக்கினேன் ஐயா. 'இ', 'ற', 'ந்', 'த', 'ன', 'ர்'. ஒன்றும் மாற்றவில்லை. அடுக்கி முடித்துவிட்டு அச்சகத்தின் பின்பக்கத்தில் உள்ள கிணற்றடியில் போய் நின்றேன். ஒருவனைக் காப்பாற்றினேன் என்று பத்து நாளாகப் பெருமையோடு சைக்கிள் மிதித்தேன். அதற்கு நாற்பது பேர் போய்விட்டார்கள். இப்போதுதான் எனக்கு மகரவேளை விளங்குகிறது. குனிந்தபோது அவனுக்கு இந்த நாற்பது பேரும் தெரிந்திருப்பார்கள். தெரிந்ததால் அவன் செய்தது சரியா என்றால், அதுவும் இல்லை. தோணன் கஞ்சி கொடுத்தவன். அறுத்தாலும் நரம்பு அறும், அணைத்தாலும் நரம்பு அறும். நான் மறந்துபோய் மாற்றாமல் விட்ட அந்த வசனம் ஒன்றுதான் முழு அத்தியாயத்திலும் சரியாக இருந்திருக்கிறது. இதைக் கதிரவேலுவுக்குச் சொன்னேன். அவர், "அப்ப அந்தத் தாய்க்குத் தண்ணி அள்ளினதும் சரி எண்டு சொல்லுறீரோ?" என்று பழையபடி தொடங்கிவிட்டார்.

தாங்கள் இட்ட கட்டளைப்படி பிழைதிருத்தம் ஒன்றும் அடுக்கி வைத்திருக்கிறேன். "சென்ற அத்தியாயத்தின் இறுதியில் 'அணைத்தான்' என்பதை 'அறுத்தான்' என்று திருத்தி வாசிக்கவும்." ஆனால் அதை இந்தக் கிழமை போட்டால், ஆறாம் பக்கத்தில் தோணன் எதிரியோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது எட்டாம் பக்கத்தில் அவன் கழுத்து அறுபட்டுவிடும். பேதுருவும் வாசிப்பார். மீனைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்பதைத் தாங்கள்தான் யோசிக்க வேண்டும். ஆகவே அந்தப் பிழைதிருத்தத்தை நிறுத்திவைக்கும்படி மிகவும் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

முடிவாக ஐயா, நடந்தது முழுவதும் என் குற்றம். எழுதுகிறவர் எழுதவேண்டும், அடுக்குகிறவன் அடுக்கவேண்டும். அடுக்குகிறவன் இரக்கப்படத் தொடங்கினால் ஒரு பத்திரிகையும் ஒழுங்காக வெளிவராது. எழுதினவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவர் கொல்லும்போது காரணத்தோடுதான் கொல்லுகிறார். இனி என் சீவியத்தில், பிரதியில் இருக்கும் ஒரு எழுத்தையும், ஒரு காற்புள்ளியையும் நானும் மாற்றேன், என் மேசையில் வேறொருவர் மாற்றவும் விடேன் என்று இந்தக் கலியாணக் காட்டின் மீது சத்தியம் செய்து தருகிறேன். வேலையை விட்டு நிறுத்துவதானால் தைப்பொங்கலுக்குப் பிறகு நிறுத்தவும். கதை எப்படி முடிகிறது என்று பார்த்துவிட்டுப் போகிறேன்.

தங்கள் துணைவியாருக்கு எனதும் அருமைநாயகியினதும் அன்பான விசாரிப்புகள். பெரிய மகளுக்குச் சுகப்பிரசவமாக நல்லூர்க் கந்தனை வேண்டுகிறோம். தங்கள் பேனை நீண்ட காலம் நிற்காமல் ஓடவும், தாளும் மையும் ஒரே கிழமையில் வந்து சேரவும் அவனே அருள்வானாக.

என்றும் தங்கள் கீழ்த்தட்டில் உள்ள,
க. சீவரத்தினம்

பி.கு. இதை மடித்து உறைக்குள் வைக்கும் நேரத்தில், பின்னேரம் மூன்று மணிக்கு, வினிபிரட் ரீச்சர் மறுபடி வந்தார். முப்பத்தெட்டாம் அத்தியாயத்தின் அச்சுப்படியைக் கேட்டார். நின்றபடியே கடைசி வரை வாசித்தார். பிழை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, வடிவாக அடுக்கியிருக்கிறீர் என்றார். பிறகு, அடுக்கிக் கட்டி வைத்திருந்த பக்கத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "உந்த 'இறந்தனர்' எங்கை?" என்றார். இடம்வலம் மாறி இருந்ததால் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. விரல் வைத்துக் காட்டினேன். கொண்டையிலிருந்து ஒரு ஊசியைக் கழற்றி அந்த 'ற'வைக் கிளப்பி எடுத்து என் மேசையில் வைத்தார்.

"'ரு' எந்தப் பெட்டியிலை?"

"ரீச்சர், ஒரு எழுத்தும் மாத்தமாட்டன் எண்டு ஐயாவுக்கு இப்பதான் எழுதினனான். நீங்களும் நேற்று..."

"நீர் ஒண்டும் மாத்தவேண்டாம். பெட்டியை மட்டும் காட்டும்."

காட்டினேன். அவர் எடுத்து வைத்தார். தலைகீழாக வைத்துவிட்டார், சொன்னேன், திருப்பி வைத்தார். கை நன்றாக நடுங்கியது. கதிரவேலு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மண்டபத்துக்குள் நாற்பது பேர் இருந்தனர்."

"கணக்குப் பிழைக்குமே, ரீச்சர்?" என்று கேட்டேன்.

"பிழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

பக்கத்தை இறுக்கிக் கட்டி யந்திரத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே மேலே எழுதிய சத்தியத்தை, தயவுசெய்து, வருகிற கிழமையிலிருந்து கணக்கெடுக்கவும். இந்த எழுத்துக்கான விளக்கக் கடிதத்தை ரீச்சரிடம் தாங்கள் நேரிலேயே கேட்பது நல்லது. நான் கேட்கமாட்டேன்.